சுகாதார ஆராய்ச்சியாளர்களைப் பயிற்றுவிக்க அரசு நல்கை: சேலத்து நிறுவனங்களுக்கான தொடக்க வழிகாட்டி

கல்லூரி முதல்வர் ஒரு மாலையில் டெல்லியிலிருந்து வந்த அறிவிப்பு ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்து, "இதற்கு நாமும் விண்ணப்பிக்கலாமே, கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போவார். சேலம் வட்டாரத்து மருத்துவ, செவிலியர், அறிவியல் கல்லூரிகளில் ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பு பெரும்பாலும் இவ்வாறுதான், பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர் ஒருவரின் தலையில் வந்து விழுகிறது. அவருக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நானும் சேலத்துக் கல்லூரி ஒன்றில் அந்தப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தவன். மூன்று வாரத்தில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிட முடியும். ஆனால் அந்தப் படிவம் கேட்கும் நிலைக்கு நிறுவனத்தைக் கொண்டுவர ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுதல்

அரசு நல்கை என்று பொதுவாகச் சொல்லப்படும் நிதியுதவிக்குள் மூன்று வகைகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆய்வுக் கேள்விக்கு விடை காண்பதற்காக ஓர் ஆய்வாளருக்குத் தரப்படுவது திட்ட நல்கை. ஒரு மாணவருக்கோ இளம் மருத்துவருக்கோ அவர் பெயரிலேயே மாதந்தோறும் தரப்படுவது உதவித்தொகை. இவ்விரண்டிலும் சேராமல், ஆராய்ச்சி செய்யத் தெரிந்த ஆட்களை உருவாக்கும் பொறுப்பை ஏற்கும் நிறுவனத்துக்குத் தரப்படுவது மூன்றாவது வகை. பயிற்சி நல்கை என்று நான் இங்கே குறிப்பிடுவது இதைத்தான். புதியவர்கள் செய்யும் முதல் தவறு, மூன்றாவது வகைக்கான விண்ணப்பத்தில் முதல் வகைக்கான செய்திகளை எழுதுவதாகும். "எங்களிடம் இந்தக் கருவி இல்லை, வாங்கித் தாருங்கள்" என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு, யார் கற்கப் போகிறார்கள் என்பதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றாம் வகையின் இயல்பை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் ஏற்பாட்டைப் பார்ப்பது உதவும். அங்கே 1974ஆம் ஆண்டின் தேசிய ஆராய்ச்சிச் சட்டத்தால் உருவான திட்டத்தின்கீழ், தேசிய சுகாதார நிறுவனங்கள் என்னும் அரசு அமைப்பு "டி32" என்ற குறியீட்டில் பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சி நல்கை வழங்குகிறது. பயிற்சி பெறுபவர் இன்னார் என்று அரசு சொல்வதில்லை, பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கிறது. அதற்கு ஈடாக, இதற்கு முன் தங்களிடம் பயின்றவர்கள் இன்று எங்கே என்ன பணியில் இருக்கிறார்கள் என்பதை அட்டவணையாகக் காட்டியாக வேண்டும். பயிற்சி பெறுவோர் அந்நாட்டுக் குடிமக்களாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பணம் நமக்கு உரியதன்று. எனினும் அந்த அட்டவணை நமக்கும் உரியதே. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகத்தின்கீழ் 2007இல் தோற்றுவிக்கப்பட்ட சுகாதார ஆராய்ச்சித் துறைதான் இதற்கு முதன்மையான கதவு. அத்துறையின் செயலாளரே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகிய ஐசிஎம்ஆரின் தலைமை இயக்குநராகவும் இருப்பதால், இரண்டின் அறிவிப்புகளையும் சேர்த்தே கவனித்துவர வேண்டும். அத்துறையின் மனிதவள மேம்பாட்டுத் திட்டத்தில், தனிநபர்களுக்கான உதவித்தொகைகளோடு, பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கான நிதியுதவியும் ஒரு கூறாக இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளின் நெறிமுறை, மரபணுவியல், முதியோர் நலம், மனநலம், செயல்பாட்டு ஆராய்ச்சி போன்ற சில துறைகளைத் தேவை மிகுந்தவை என்று அத்திட்டம் இனங்காட்டியிருக்கிறது. உங்கள் பயிற்சி அவற்றில் ஒன்றோடு பொருந்துமாறு அமைவது நல்லது. பொருந்தாததை இழுத்துப் பொருத்தினால் மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு என்ற தனித் திட்டம் இருக்கிறது; அதில் ஆய்வகமும் ஆட்களும் கிடைப்பதோடு, கல்லூரிக்குள்ளேயே ஓர் ஆலோசனைக் குழு ஆய்வுகளைச் சலித்தெடுக்கும் பழக்கமும் உருவாகிறது. உயிர் அறிவியல் துறைகளைக் கொண்ட கலை அறிவியல் கல்லூரிகளுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டமும், அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டமும் உள்ளன. இவை நேரடியாகச் சுகாதார ஆராய்ச்சிக்கானவை அல்ல என்றாலும், நுண்ணுயிரியல் அல்லது உயிர்வேதியியல் துறையில் இளநிலை மாணவர் சோதனைக்குழாயைக் கையில் எடுத்துப் பழகுவதற்கு இவையே வழி செய்கின்றன.

இவற்றில் எதற்கும் இன்னும் தகுதி பெறாத கல்லூரி என்ன செய்வது? ஐசிஎம்ஆர் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் உங்கள் எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாத ஆய்வு. மாணவர் அறிக்கை ஏற்கப்பட்ட பின்பே உதவித்தொகை. பணம் சிறிது. ஆனால் வழிகாட்டியாகக் கையெழுத்திட்ட ஆசிரியர்களின் பட்டியலும், முடிக்கப்பட்ட அறிக்கைகளின் எண்ணிக்கையும், "இந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி கற்பிக்கப்படுகிறது" என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதல் சான்றாகும். பெரிய நல்கைக்கு நேரே தாவுவதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகள் இந்த வழியில் நடந்து வருவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஓராண்டுக்கு முன் தொடங்க வேண்டிய காகித வேலை

தனியார் அறக்கட்டளை நடத்தும் கல்லூரியாக இருந்தால், மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சித் துறை வழங்கும் சைரோ என்னும் ஆராய்ச்சி நிறுவன அங்கீகாரம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். ஐசிஎம்ஆர் போன்ற அமைப்புகள் தனியார் நிறுவனங்களிடம் இதைக் கேட்கின்றன. அது ஒருமுறை வாங்கிவிட்டால் முடிந்துபோகும் காரியமும் அன்று. காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். தன்னார்வ அமைப்பாகப் பதிவு பெற்றிருந்தால் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அடையாள எண் வேண்டும். மத்திய அரசின் பணம் எந்த வடிவில் வந்தாலும் பிஎஃப்எம்எஸ் என்னும் பொது நிதி மேலாண்மை அமைப்பில் நிறுவனமும் அதன் வங்கிக் கணக்கும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி இடம் மாறியதற்காகப் பல வாரம் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

இவற்றையெல்லாம்விட நேரம் பிடிப்பது நெறிமுறைக் குழு. மனிதர்களிடம் தகவலோ இரத்த மாதிரியோ பெறும் எந்த ஆய்வுக்கும், அது பயிற்சியின் ஒரு பகுதியாக மாணவர் செய்யும் சிறு ஆய்வாக இருந்தாலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுக்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு பெற வேண்டும். மருந்துச் சோதனைகளைப் பரிசீலிக்கும் குழுக்களுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தனிப் பதிவு உண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்கு ஒப்பேற்ற முடியாது.

எங்கள் கல்லூரியின் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான். நெறிமுறைக் குழுவுக்கு எங்கள் முதல்வரே தலைவராக இருந்தார். எங்களுக்கு அது மரியாதையாகவும் இயல்பாகவும் தோன்றியது. ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை வழிகாட்டுதலோ, தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்றும், நிறுவனத்தின் தலைவர் குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. உறுப்பினர்கள் 7 முதல் 15 பேர். அவர்களில் பாதிப் பேராவது நிறுவனத்தைச் சாராதவர்கள். சட்டம் அறிந்தவர் ஒருவர், சமூக அறிவியலாளரோ மெய்யியல் அறிந்தவரோ ஒருவர், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் என்று வகுத்திருக்கிறது. நாங்கள் குழுவைக் கலைத்து, சேலம் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டு, ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை ஒருவரைப் பொதுமக்கள் சார்பில் அழைத்து, எல்லோருக்கும் நெறிமுறைப் பயிற்சி அளித்து, மீண்டும் பதிவுக்கு அனுப்பி முடிப்பதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. தலைமையாசிரியை அம்மா கேட்ட கேள்விகள்தான் அந்தக் குழுவிலேயே மிகவும் கூர்மையானவை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். "இந்தத் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள்?" என்று அவர் கேட்டபோது ஆய்வாளரிடம் விடை இல்லை.

யார் கற்பிப்பது, யார் கற்பது

விண்ணப்பத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது, பயிற்றுநர்களாகப் பெயர் கொடுத்திருப்பவர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்தவர்களா என்பதைத்தான். கல்லூரியில் பணியாற்றும் நாற்பது பேரையும் பட்டியலில் சேர்ப்பது பலமன்று. வெளியான கட்டுரைகளும் முடித்த திட்டங்களும் வழிகாட்டிய மாணவர்களும் உள்ள ஆறு பேர் போதும். அவர்கள் ஒவ்வொருவரும் எந்த நாளில் எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் நடத்துவார்கள் என்று எழுதுங்கள்.

உள்ளூரில் கிடைக்காத திறமையை வெளியிலிருந்து பெறலாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது உயிர்ப்புள்ளியியலும் கொள்ளைநோயியலும். புள்ளியியலுக்கு, 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் ஓமலூர் சாலையிலேயே இருக்கிறது. கொள்ளைநோயியலுக்குச் சென்னையில் ஐசிஎம்ஆரின் தேசிய கொள்ளைநோயியல் நிறுவனம் இருக்கிறது. அந்நிறுவனம் இணையவழியில் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை மருத்துவ முதுநிலை மாணவர்கள் முடிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. பாடங்களைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டும் உண்டு. ஆகவே அந்தப் படிப்பில் ஏற்கெனவே இருக்கும் பாடங்களை உங்கள் பயிற்சியில் திரும்ப நடத்துவதாக எழுதாதீர்கள். சேர்பவர்கள் அதை முடித்துவிட்டு வர வேண்டும் என்பதைத் தகுதியாக வைத்துவிட்டு, திரையில் கற்க முடியாதவற்றுக்கு, அதாவது கேள்வித்தாள் தயாரித்தல், வீடு வீடாகச் செல்லுதல், தரவைச் சரிபார்த்தல், எழுதியதைத் திருத்தி எழுதுதல் ஆகியவற்றுக்கு உங்கள் நாள்களைச் செலவிடுங்கள்.

வெளி நிறுவனத்தின் பெயரை விண்ணப்பத்தில் சேர்ப்பதற்கு முன் அதன் தலைவரிடமிருந்து எழுத்து வடிவில் ஒப்புதல் பெற வேண்டும். "சார் வருவார், நான் பேசிவிட்டேன்" என்பது ஒப்புதல் ஆகாது.

பயிற்சி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் முறையை, தேர்வுக் குழுவில் யார், மதிப்பெண் எப்படி, விளம்பரம் எங்கே என்பதுவரை எழுதிவைக்க வேண்டும். சொந்தக் கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே சேர்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் பொதுப்பணம் கிடைப்பது கடினம். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகளுக்கும், ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கிக் காட்டுங்கள். அரசு ஊழியர்கள் பயிற்சிக்கு வந்துபோக மாவட்ட சுகாதார அலுவலகத்தின் அனுமதி தேவைப்படும் என்பதால் அந்தக் கடிதப் போக்குவரத்தையும் முன்கூட்டியே தொடங்குங்கள். குழந்தை பெற்றுச் சில ஆண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்த பெண்களுக்குச் சுகாதார ஆராய்ச்சித் துறையே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. அத்தகையவர்களுக்கு நீங்கள் இடம் வைப்பது அதே நோக்கத்தோடு ஒத்துப்போகும்.

களம்: சேலத்தில் இருப்பதன் வலிமை

சென்னை, வேலூர் நிறுவனங்களோடு ஆய்வகத்தில் போட்டியிட நம்மால் இயலாது. களத்தில் இயலும். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் புகைக்கும் அமிலத்துக்கும் நடுவே வேலை செய்பவர்கள், சூரமங்கலத்தை அடுத்த வெள்ளைக்கல் சுரங்கங்களின் தூசி, ஜவ்வரிசி ஆலைகளில் ஈரத்திலேயே நாள் முழுதும் நிற்பவர்கள், இளம்பிள்ளை நெசவாளர்கள், வடக்கே போகப் போகக் குடிநீரில் கூடிவரும் புளோரைடு என்று, பயிற்சி பெறுபவர் ஒரு பேருந்துப் பயணத்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஆய்வுக் கேள்விகள் இங்கே நிறைய உள்ளன. "எங்கள் பயிற்சி பெறுவோர் இரண்டாம் வாரத்தில் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களிடம் மூச்சுத் தொல்லை பற்றிய கேள்வித்தாளைச் சோதித்துப் பார்ப்பார்கள்" என்ற ஒரு வரி, "களப்பணி அனுபவம் வழங்கப்படும்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட மேலானது.

ஏற்காட்டைக் களமாகக் காட்டுபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சேர்வராயன் மலை ஊர்களில் வாழும் பட்டியல் பழங்குடியினரின் பெயர் மலையாளி என்பதால், டெல்லியில் இருக்கும் மதிப்பீட்டாளர் கேரளத்தாரை நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு; முதல் முறை குறிப்பிடும்போதே தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் என்று விளக்கிவிடுங்கள். ஊர்ப் பெரியவரிடம் அனுமதி பெறுவது முறையும் மரியாதையும் ஆகும். ஆனால் தேசிய வழிகாட்டுதலின்படி அது தனிநபர் ஒப்புதலுக்கு மாற்றாகாது. ஒவ்வொருவரிடமும் அவருக்குப் புரியும் தமிழில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். சென்னையில் மொழிபெயர்த்து அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை மலையில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிப் பாருங்கள். எத்தனை சொற்களை மாற்ற வேண்டும் என்று அப்போதே தெரியும்.

காலமும் முக்கியம். மே மாதத்தில் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும்போது ஏற்காட்டில் அறையும் வண்டியும் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இருமடங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரியும். காப்பிக் கொட்டை பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் தொழிலாளர்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. கீழே சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் யாரும் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். உங்கள் கால அட்டவணை இதையெல்லாம் அறிந்து எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும் மதிப்பீட்டாளர், இவர்கள் களத்துக்குப் போனவர்கள் என்று நம்புவார்.

செலவுத் திட்டம்

செலவைத் தொடராச் செலவு, தொடர் செலவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கருவி, கணினி, மேசை நாற்காலி முதலியவை முன்னது. ஆட்களின் ஊதியம், பயிற்றுநர் மதிப்பூதியம், பயணம், அச்சு, தீர்ந்துபோகும் பொருள்கள் முதலியவை பின்னது. பயிற்சி நல்கையில் பின்னதே பெரிதாக இருக்க வேண்டும். புள்ளியியல் மென்பொருளுக்கு இலட்சக் கணக்கில் கேட்பதற்கு முன், ஆர், எபி இன்ஃபோ போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்; மதிப்பீட்டாளர் நிச்சயம் நினைவில் வைத்திருப்பார்.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். 20 பேருக்கு 5 நாள் பயிற்சி என்றால் 100 ஆள்நாள். தலைக்கு ஒரு நாளைக்கு உணவும் தங்குமிடமும் 1,600 ரூபாய் என்று ஒட்டுமொத்தமாகப் போட்டால் 1,60,000 ரூபாய் வரும். ஆனால் 20 பேரில் 12 பேர் சேலத்திலேயே குடியிருப்பவர்கள் என்றால் தங்குமிடம் தேவைப்படுவது 8 பேருக்குத்தான். உணவு 100 ஆள்நாளுக்கு 400 ரூபாய் வீதம் 40,000, தங்குமிடம் 40 ஆள்நாளுக்கு 1,200 ரூபாய் வீதம் 48,000, மொத்தம் 88,000. தொகை சுருங்கியதால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. ஒட்டுமொத்தத் தொகையைக் கண்டால் குழு கண்ணை மூடிக்கொண்டு பாதியாகக் குறைக்கும். பிரித்துக் காட்டிய கணக்கில் கைவைக்கத் தயங்கும்.

திட்டப் பணியாளர்களின் ஊதியத்தை நீங்களாக நிர்ணயிக்க முடியாது. மத்திய அரசு 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் என்று உயர்த்தியது. இதனோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு. அந்தப் படி ஊரின் வகையைப் பொறுத்தது. சேலம் ஒய் வகை நகரம்; ஏற்காடு இசட் வகையில் அடங்கும். மலையில் தங்கி வேலை செய்யும் ஆய்வாளருக்கு வாடகைப்படி குறைவாகவும் பயணச் செலவு கூடுதலாகவும் இருக்கும் என்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய அந்தப் பயணத்தைத் தனித் தலைப்பில் மறவாமல் சேர்த்துவிடுங்கள்.

ஒரே நோக்கத்துக்கு வேறெந்த மத்திய அமைச்சகத்திடமோ மாநில அரசிடமோ நல்கை பெறவில்லை, கேட்கவில்லை என்று சான்றளிக்க வேண்டியிருக்கும். கல்லூரியின் வேறு துறை வேறு பெயரில் இதே பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே முதல்வர் கையெழுத்திட வேண்டும்.

அனுப்பும் முன்

அறிவிப்பை மூன்று முறை படியுங்கள்; மூன்றாம் முறை தகுதி வரையறைகளை மட்டும். முதன்மைப் பொறுப்பாளராக யாரைக் காட்டுவது என்பதில் எச்சரிக்கை தேவை. அரசுக் கல்லூரிகளில் இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் பொறுப்பாளர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். ஓய்வுபெற ஓராண்டு இருக்கும் பேராசிரியரைப் பதவி மரியாதைக்காகப் போட்டாலும் அதே நிலைதான். பொறுப்பாளரை மாற்ற நிதி தரும் அமைப்பின் முன் அனுமதி வேண்டும் என்பதால், தொடக்கத்திலேயே இணைப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்த்துவிட வேண்டும்.

எழுதி முடித்ததை உங்கள் துறையைச் சாராத ஒருவரிடம் கொடுத்து, "இதில் யார், யாரிடம், எதைக் கற்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் அவரால் சொல்ல முடியாவிட்டால் திருத்தி எழுதுங்கள். இணையதளத்தில் கடைசி நாளில் பதிவேற்றம் செய்ய நினைப்பவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாளில் தளம் திறப்பதே அதிர்ஷ்டம்.

ஒப்புதல் ஆணை வந்த பிறகு

ஆணை வந்த மகிழ்ச்சியில் அதன் பின்பக்க நிபந்தனைகளைப் படிக்காமல் விடுகிறார்கள். பிறகு வரும் துன்பங்கள் அனைத்துக்கும் விதை அங்கேதான். பணத்தைக் கல்லூரியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். சில திட்டங்களில் பணம் கைக்கு வராமல், செலவு செய்யச் செய்ய எடுத்துக்கொள்ளும் வரம்பாக மட்டும் கிடைக்கும். வங்கி வட்டி சேர்ந்தால் அது உங்களுடையது அன்று; அரசுக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். ஒரு தலைப்புக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற எழுத்து வடிவில் அனுமதி கேளுங்கள்.

கொள்முதலுக்கு ஆணை ஜெம் என்னும் அரசு இணையச் சந்தையைக் குறிப்பிட்டிருந்தால் உள்ளூர்க் கடையில் நாலு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே போகக் கூடாது. மாநில அரசு நிறுவனங்களுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், கருவி வாங்குவதற்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். வாங்கிய பொருள் ஒவ்வொன்றையும் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, அதன்மேல் நல்கையின் எண்ணை ஒட்டிவையுங்கள். நிதி தந்தவரின் அனுமதியின்றி அதை விற்கவோ வேறு பயனுக்குக் கொடுக்கவோ முடியாது; தலைமைக் கணக்குத் தணிக்கையர் தரப்பிலிருந்து வந்து பார்க்கவும் உரிமை உண்டு.

அடுத்த தவணை வருவதும் வராததும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பொறுத்தது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம் இதற்கானது. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி தரும் அவகாசத்தை முழுவதும் எடுத்துக்கொள்பவருக்கு அடுத்த ஆண்டுப் பயிற்சி நடக்காது. நான் ஏப்ரல் முதல் வாரத்தில் ஆடிட்டரிடம் பில்களைக் கொடுத்து, மே மாத இறுதிக்குள் சான்றிதழையும் செலவினக் கணக்கறிக்கையையும் அனுப்பும் வழக்கத்தை வைத்திருந்தேன். நிதியாண்டின் கடைசி மாதங்களில் பணம் வந்து சேர்வது அரிதன்று. அவ்வாறு வந்தால் மார்ச் 31க்குள் எப்படியாவது செலவழித்துத் தீர்க்க அவசரப்படாமல், மீதித் தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல உடனே அனுமதி கேட்டு எழுதுங்கள். அவசரத்தில் வாங்கிய மூன்று பிரிண்டர்களும் இருபது பெட்டிக் காகிதமும் தணிக்கையில் பேசும்.

இனி, முன்பு சொன்ன அந்த அட்டவணை. பயிற்சி முடிந்த நாளிலேயே பங்கேற்ற ஒவ்வொருவரின் பெயர், அப்போதைய பணி, செய்த சிறு ஆய்வின் தலைப்பு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, தொடர்பு எண்ணைச் சம்மதத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில் என்று வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொருவரையும் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்போது எங்கே பணி, கட்டுரை ஏதும் வெளியானதா, முனைவர் பட்டத்துக்கோ உதவித்தொகைக்கோ சேர்ந்தீர்களா? பாதிப் பேருக்கு எண் மாறியிருக்கும். உடன் பயின்றவரிடம் கேட்டால் புதிய எண் கிடைக்கும். ஒரு பிற்பகல் வேலைதான். ஐந்தாண்டு இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்காக ஒரே வாரத்தில் நூறு பேரைத் தேடிப் பிடிக்க எவராலும் முடியாது.

பொறுப்பு கைமாறும்போது இந்தப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, ஒப்புதல் ஆணைகளோடு பயன்பாட்டுச் சான்றிதழ்கள் அடங்கிய கோப்பு ஆகிய மூன்றையும் அடுத்தவரிடம் பக்க எண் குறித்துக் கொடுத்து, இரண்டு படிகளில் கையெழுத்துப் பெற்று, ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக் கேள்வி வரும்போது நீங்கள் வேறு ஊரில் இருக்கலாம்.